மார்பிலே சிறகு! கையிலே பயிற்சி?

ஒருவன் இருபது வருஷங்களுக்கு முன்பு லாரி ஓட்டக் கற்றான், லைசென்ஸும் வாங்கினான். அதன் பிறகு ஆண்டுக்கு நாலைந்து தடவைதான் ஸ்டியரிங்கைத் தொட்டான். இன்று அவன் கையில் லாரியைக் கொடுத்து, நம் பெண்டு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி, மலைப்பாதையில் இரவு நேரத்தில் அனுப்புவோமா? கற்றது ஒரு காலம், கை பழகியிருப்பது வேறு விஷயம் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தக் கேள்வி லாரியைப் பற்றி அல்ல, ஆகாய விமானத்தைப் பற்றியே எழுந்திருக்கிறது.

அங்கே தனியார் விமானி என்று ஒரு வகையினர் உண்டு. கூலிக்கு ஓட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. சொந்த வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் சிறு விமானம் ஓட்டலாம். மனைவி மக்களை, நண்பர்களை ஏற்றிச் செல்லலாம். இவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய விமானம் ஒன்றை நாலு பேர் பங்கு போட்டு வாங்கியவர்கள், மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்பவர்கள், மெக்கானிக்குகள், விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரும் இதில் இருக்கிறார்கள்.

இவர்களுக்குக் கொடுக்கும் விமானி அத்தாட்சிக்குக் காலாவதி இல்லை. ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் செல்லும். உடல் தகுதிக்கு வேறு விதி உண்டு. கைத்திறனுக்கு சர்க்கார் வைத்திருக்கும் கட்டாயம் என்ன? 24 மாதங்களுக்கு ஒரு தடவை, பயிற்சியாளர் ஒருவருடன் குறைந்தது 1 மணி நேரம் பேசி, குறைந்தது 1 மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். ஆளை ஏற்றிச் செல்வதானால், முந்திய 90 நாட்களுக்குள் 3 தடவை மேலெழும்பி, 3 தடவை இறங்கியிருக்க வேண்டும். முக்கியமான கட்டாயம் இவ்வளவுதான்!

இரண்டு வருஷத்தில் ஒரு மணி நேரப் பறப்பு! இது போதாது என்பது சர்க்காருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் 1980ல், அந்நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் ‘விங்ஸ்’, அதாவது ‘சிறகுகள்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. இஷ்டமுள்ளவர் சேரலாம், இல்லாதவர் சேராமலே இருக்கலாம். சேர்ந்தவர் ஒரு பாதுகாப்புக் கூட்டத்துக்கு வந்து விஷயங்களைக் கேட்க வேண்டும். பிறகு பயிற்சியாளருடன் 3 மணி நேரம் பறக்க வேண்டும். விமானத்தை அடக்கி ஆளும் அடிப்படைப் பயிற்சிக்கு 1 மணி, ஏறி இறங்குவதற்கு 1 மணி, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கு 1 மணி. முடித்தவருக்கு மார்பில் குத்திக்கொள்ள ஒரு சிறகுச் சின்னம் கிடைக்கும். அந்த இரண்டு வருஷச் சோதனையிலிருந்து விலக்கும் கிடைக்கும்.

2007-08ல் இந்தத் திட்டத்தை அடியோடு மாற்றி அமைத்தார்கள். மாற்றம் என்ன, அதில் நல்லது எது, கெட்டது எது, தொடாமல் விட்டது எது என்று பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். பழைய திட்டம் மணிக் கணக்குப் பார்த்தது. மூன்று மணி நேரம் பறந்தாயா? இந்தா சின்னம்! எப்படிப் பறந்தாய் என்பது இரண்டாம் பட்சம். புதிய திட்டம் மணிக் கணக்கைத் தள்ளிவிட்டுத் திறமையைக் கேட்டது. அடிப்படை, உயர்நிலை, தேர்ச்சி நிலை என்று மூன்று படிகள். அடிப்படைப் படியில் மூன்று பாடம், மூன்று பறப்புப் பயிற்சி. 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அத்தாட்சி பெறும் நாளில் பரீட்சை அதிகாரி முன்னிலையில் எந்த அளவுக்குச் சரியாக ஓட்டிக் காட்டினானோ, அதே அளவுக்கு மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு மணியில் காட்டினால் ஒரு மணி. ஐந்து மணி பிடித்தால் ஐந்து மணி. இது சரியான கொள்கை. லேத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றவனெல்லாம் டர்னர் ஆகிவிட மாட்டான்!

பாடங்களையும் மனம்போன போக்கில் வைக்கவில்லை. விபத்து எங்கே நடக்கிறது என்று பார்த்து வைத்தார்கள். சிறு விமான விபத்துகளில் பெரும் பகுதிக்குக் காரணம் எந்திரக் கோளாறு அல்ல. விமானியின் கையும் கணிப்பும்தான். உயிர் போகும் விபத்துகளில் முதலிடம் வகிப்பது விமானம் கட்டுப்பாட்டை இழப்பது.

இது எப்படி நேர்கிறது? இறங்க வரும் விமானி, ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்புகிறான். காற்று தள்ளிவிட, பாதையைத் தாண்டிப் போய்விடுகிறான். எப்படியாவது பாதைக்கு வந்துவிட வேண்டுமென்று திருப்பத்தை இறுக்குகிறான். பிடியைத் தன் பக்கம் இழுக்கிறான். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறுகிறது. தூக்கி நிறுத்திய சக்தி போய்விடுகிறது. ஒரு பக்கத்து இறக்கை விழுகிறது. விமானம் பம்பரம்போல் சுழன்று கீழே பாய்கிறது. தப்ப வேண்டுமானால் மூக்கைக் கீழே தள்ள வேண்டும். தரை எதிரே வரும்போது மனிதனின் இயற்கைக் குணம் என்ன சொல்லும்? இழு, இழு என்றுதான் சொல்லும்! அந்தக் குணத்தை வெல்வது புத்தகத்தால் முடியாது. மேடைப் பேச்சால் முடியாது. பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகிய கையால்தான் முடியும்.

இன்னொன்று, கண் தெரியாத வானம். 1999 ஜூலை 16ந் தேதி இரவு, காலஞ்சென்ற ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வினியார்ட் தீவை நோக்கிச் சொந்த விமானத்தில் பறந்தார். அவர் தனியார் விமானி. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியை அவர் பெற்றிருக்கவில்லை. கீழே கடல், மேலே இருட்டு, நடுவே மூட்டம். எது மேல், எது கீழ் என்ற உணர்வு தடுமாறி, விமானத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போயிற்று என்று விசாரணை முடிவு கூறியது. மூவரும் மாண்டார்கள். பணமும் பெயரும் காற்றுக்குத் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு ஜனாதிபதி மகனையும் ஏமாற்றும்; ஃபிட்டர் மகனையும் ஏமாற்றும்.

ஆக, மாற்றத்தின் முதல் பாதி நல்லது. இரண்டாம் பாதிக்கு வருவோம்.

புதிய திட்டம் முழுவதையும் இணையதளத்தில் ஏற்றினார்கள். பெயர் பதிவது அங்கே. பாடத்தின் மதிப்பெண் அங்கே. பயிற்சியாளர் ஒப்புக்கொண்டு முத்திரை வைப்பதும் அங்கே. இதில் நன்மை இல்லையா? உண்டு. வேலை முடிந்து வந்தவன், நூறு மைல் போகாமல், வீட்டிலிருந்தே இலவசமாகப் பாடம் படிக்கலாம். ஆனால் பழைய திட்டத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கூட்டத்துக்கு வா, மூன்று மணி பற, சின்னம் வாங்கு. புதியதை விளக்கவோ ஒரு வகுப்பே வேண்டியதாயிற்று! எந்தப் பாடம் எந்தப் படிக்குச் சேரும், எது கணக்கில் வரும், எது வராது என்று தேடி அலைந்து சலித்தவர்கள் பலர். கை தளர்ந்த வயோதிக விமானிக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. அவனுக்கு எதிரேதான் கம்ப்யூட்டர் வாசலை வைத்தார்கள்!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது மாற்றியதில் இல்லை. மாற்றாமல் விட்டதில் இருக்கிறது. 1980லும் திட்டம் இஷ்டத்தைப் பொறுத்தது. இன்றும் இஷ்டத்தைப் பொறுத்ததே. விமானிகளில் பெரும்பாலோர் இதில் சேரவில்லை. இஷ்டப்பட்டு வருபவன் யார்? ஏற்கெனவே ஜாக்கிரதையானவன். வராதவன் யார்? ‘எனக்குத் தெரியாததா?’ என்று மார்தட்டுபவன் ஒருவன். பயிற்சிக்குப் பணமில்லாதவன் இன்னொருவன். மருந்து யாருக்குத் தேவையோ அவன் வீட்டுக்கு மருந்து போவதில்லை. நோயில்லாதவன் வீட்டில் புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

டிக்கெட் விற்கும் விமானக் கம்பெனிகளின் விமானிகளுக்கு இப்படியா? இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவர்கள் மறுபயிற்சிக்கும் சோதனைக்கும் உட்பட்டே தீர வேண்டும். அந்தச் சட்டமும் தானாகக் கனிந்து விழுந்த கனி அல்ல. 2009 பிப்ரவரி 12ந் தேதி, பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் கம்பெனி விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். எச்சரிக்கை ஒலித்ததும் பிடியை முன்னால் தள்ள வேண்டிய தலைமை விமானி, பின்னால் இழுத்தார். நாம் மேலே சொன்ன அதே தவறு! தொழிலாகவே ஓட்டியவருக்கு இந்த நிலை என்றால், மாதம் ஒருமுறை ஓட்டுபவன் நிலை என்ன?

இறந்தவர்களின் குடும்பத்தார் அழுது ஓயவில்லை. ஒன்று கூடினார்கள். வாஷிங்டனுக்குப் போனார்கள், மறுபடி மறுபடி போனார்கள், காங்கிரஸ் உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டினார்கள். 2010ல் சட்டம் வந்தது. 2013ல் பயிற்சி விதிகள் கடுமையாயின. கூடியவர்கள் வென்றார்கள்!

சிறு விமானங்களில் மாள்பவர்களுக்கு இது நடக்கவில்லை. ஏன்? அவர்கள் கூட்டமாக மாள்வதில்லை. ஒரு வயலில் ஒருவர், ஒரு மலைச்சரிவில் இருவர், ஒரு ஏரியில் மூவர் என்று சிதறி மாள்கிறார்கள். 2009க்குப் பிந்திய பத்தாண்டில் அமெரிக்கப் பயணிக் கம்பெனிகளின் விபத்துகளில் உயிரிழப்பு அநேகமாக இல்லாமலே போன ஆண்டுகள் பல. அதே ஆண்டுகளில் மற்றச் சிறு விமானப் போக்குவரத்தில் மாண்டவர்கள் ஆண்டுக்கு 300க்கு மேல்! ஒரே நாளில் 300 பேர் இறந்தால் உலகமே திரும்பிப் பார்க்கும். வருஷம் முழுவதும் பரவி இறந்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி!

கட்டாயமாக்கினால் செலவு ஏறும். செலவு ஏறினால் பறப்பது குறையும். பறப்பது குறைந்தால் கைப்பழக்கமும் குறையும் என்கிறார்கள் கட்டாயத்தை எதிர்ப்பவர்கள். இந்த வாதத்தை ஏளனம் செய்து ஒதுக்கிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. விமான வாடகையையும் பயிற்சியாளர் கூலியையும் தன் மடியிலிருந்து கொடுக்க வேண்டியவன் பயிற்சியைத்தான் முதலில் வெட்டுவான். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? செலவை அவன் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்பதே தவிர, அவனையும் அவன் பக்கத்தில் உட்காருபவரையும் விதியின் கையில் விட்டுவிட வேண்டும் என்பது அல்ல.

பணத்துக்கு வழி இல்லையா? சிறு விமானத்தின் பெட்ரோலுக்கு அமெரிக்க சர்க்கார் காலனுக்கு 19 சென்ட்டுக்கு மேல் வரி வாங்குகிறது. விமானத் துறைக்கென்று வைத்த நிதிக்கு அது போகிறது. அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துப் பயிற்சியாளருக்குக் கூலி கொடுக்கலாமே! விமானி கட்டிய வரி விமானியின் கைத்திறனாகத் திரும்பி வரட்டுமே! திட்டத்துக்காக ஊர் ஊராகக் கூட்டம் நடத்துபவர்களில் பலர் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்களின் தொண்டு பெரிது. ஆனால் உயிர்காக்கும் வேலையைத் தொண்டர் தோளிலேயே சுமத்திவிட்டு, சர்க்கார் சின்னம் கொடுத்துக் கை கழுவுவது நியாயமா?

ஆகவே நமது அபிப்பிராயம் இது. ஒன்று: மணிக் கணக்கு அல்ல, திறமையே அளவு என்ற புதிய கொள்கை நிலைக்க வேண்டும். இரண்டு: தனியாகப் பறப்பவன் இஷ்டம் அவனோடு, பிறரை ஏற்றிச் செல்பவனுக்கு ஆண்டுக்கு ஒரு படி கட்டாயமாக வேண்டும். பக்கத்தில் உட்காரும் குழந்தை தன் இஷ்டத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடவில்லை! மூன்று: பயிற்சிக் கூலியில் பாதியையாவது பொது நிதி ஏற்க வேண்டும். நான்கு: கம்ப்யூட்டர் வாசலோடு, பயிற்சியாளர் ஒருவரின் கையெழுத்துப் போதும் என்ற பழைய வாசலும் திறந்திருக்க வேண்டும்.

தோழர்களே! கடல் கடந்த விஷயம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டிலும் மார்ச் 4ந் தேதி தேசியப் பாதுகாப்பு தினம் கொண்டாடுகிறோம். உறுதிமொழி எடுக்கிறோம்; சட்டையில் சின்னம் குத்துகிறோம்; பரிசு வாங்குகிறோம். நல்லதுதான். ஆனால் மறுநாள் காலை எந்திரத்தின் பல்சக்கரத்துக்கு மூடி இருக்கிறதா? புதிதாக வந்த பையனுக்கு, கூலி வெட்டாமல், வேலை நேரத்திலேயே பயிற்சி கொடுக்கிறார்களா? அதைக் கேட்பது யார்? ‘ஜாக்கிரதையாக இரு’ என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வது சுலபம், காசு செலவில்லை. ஜாக்கிரதையாக இருக்க நேரமும் கருவியும் பயிற்சியும் கொடுப்பதற்குத்தான் காசு வேண்டும்.

வானத்திலாகட்டும், ஆலையிலாகட்டும், பாதுகாப்பை இஷ்டத்துக்கு விட்டால் அது வசதி உள்ளவனின் பாதுகாப்பாகத்தான் முடியும். எல்லோருக்கும் வேண்டுமானால், அது உரிமையாக வேண்டும். உரிமையாக வேண்டுமானால், பஃபலோ குடும்பங்களைப் போல் கூடிக் கதவைத் தட்ட வேண்டும்.