இரவு பத்து மணிக்கு ஒருமுறை வாருங்கள்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சித் தலைவர், மாவட்ட சமூக நல அலுவலர் ஆகியோருக்கு,



நம் ஊரில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் புளியோதரையும் தயிர்சாதமும் தொன்னை தொன்னையாகக் கைக்கு வரும். முதியோர் இல்லங்களுக்கும் அப்படித்தான். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று யாராவது ஒருவர் ஒரு வேளைச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்கிறார். வடை பாயசத்தோடு இலை போட்டு, பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்து, போட்டோ எடுத்து, காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு போகிறார்கள். குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக்கு வரும் அரசு அலுவலரும் அதே பகல் வேளையில் வந்து, அதே சமையற்கட்டை எட்டிப்பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அதை ஆய்வு என்று எப்படிச் சொல்வது?

மதியச் சாப்பாட்டுக்கு உபயதாரர் கிடைக்கிறார். நடுராத்திரியில் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஆயாவின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. பராமரிப்பின் தரம் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். தானாகத் திரும்ப முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் முதலில் சிவக்கும். ஈரத்துணி மாற்றாமல் கிடந்தால் சீக்கிரமே கொப்புளமாகி உடையும். பிறகு குழிவிழும், சில நேரம் எலும்பு வரை போகும். அந்தப் படுக்கைப்புண் முதுகுப்பக்கம் இருக்கிறது, வெள்ளைப் போர்வை மேலே இருக்கிறது. வருகிறவர் கண்ணுக்குப் போர்வைதான் தெரியும். ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: உங்கள் ஆய்வுக் குழுவில் ஒரு செவிலியர் இருக்கட்டும், உரியவரின் அனுமதியோடு மறைவாக அவர் குதிகாலையும் முதுகையும் பார்க்கட்டும். இல்லத்தில் எடைமெஷின் இருக்கிறதா, மாதாமாதம் எடை குறிக்கிறார்களா என்றும் கேட்கட்டும். மூன்று வேளை சோறு போட்டும் ஒருவர் மெலிந்துகொண்டே போகிறார் என்றால், ஊட்டிவிட ஆள் இல்லை என்று பொருளாகலாம்.

அடுத்த மாவட்டத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் நுழைந்தபோது, உரிய அனுமதி இல்லாமலேயே அது ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது தெரிந்தது. 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பாலியல் வன்முறை நடந்தது, சிலரைக் காணவில்லை என்று குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2018-இல், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லத்தின் வண்டியில் காய்கறி மூட்டைகளோடு ஒரு பிணமும், உயிரோடிருந்த முதியவர்களும் போனதை வழியில் பொதுமக்கள் மடக்கினார்கள். இந்த இரண்டிலும் உண்மையை வெளியே கொண்டுவந்தது வழக்கமான ஆய்வு இல்லை. பாலேஸ்வரத்தில் வழிப்போக்கர்கள். குண்டலப்புலியூரில், அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்ட ஒருவர்.

திருவண்ணாமலையைப் பற்றி எங்களுக்கு இருக்கும் கவலை இதிலிருந்தே வருகிறது. இங்கே மனுப் போட யார் இருக்கிறார்கள்? உறவை அறுத்துக்கொண்டு மலையை நம்பி வந்தவர்கள் பலர். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்து மொழி தெரியாமல் முதுமை அடைந்தவர்கள் உண்டு. தரிசனத்துக்குக் கூட்டிவந்து இங்கேயே விட்டுவிட்டுப் போகப்பட்டவர்களும் உண்டு. பராமரிக்க வேண்டியவரே மூத்த குடிமக்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பேருந்து ஏறிப் போய்விட்ட மகனை யார் தேடுவது? இப்படிப்பட்டவர் இல்லத்தில் காணாமல் போனால் கேட்க ஆளில்லை. அவருக்கு உறவு என்று மிஞ்சியிருப்பது உங்கள் ஆய்வாளர் மட்டும்தான். அதனால் இறப்புப் பதிவேட்டையும், வேறு இல்லத்துக்கு மாற்றப்பட்டவர்களின் பதிவேட்டையும் முதலில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். யார் இறந்தார், எந்த மருத்துவர் பார்த்தார், உடல் எங்கே போனது, அவருக்கு வந்துகொண்டிருந்த மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையின் ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது?

பதிவுச் சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். முதியோர் இல்லம் 2007 சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். மனநலம் குன்றியவர்களை வைத்திருந்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் என்றால் 2016 சட்டம். ஒரே கூரையின் கீழ் மூன்று வகையினரும் இருக்கும் இல்லத்தை மூன்று துறைகளும் “அது அவர்கள் பொறுப்பு” என்று தள்ளிவிடுவது எளிது. மூன்று துறையும் ஒரே நாளில் ஒன்றாகப் போவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

அந்த நாளை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் 1987-இல் நர்சிங் ஹோம்களுக்காகக் கொண்டுவந்த சட்டத்தில், ஆய்வு நடக்கும் நாளை இல்லத்துக்குத் துப்புக் கொடுப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றே எழுதிவைத்தார்கள். இங்கே போனில் “சார் வர்றாரு” என்று ஒரு வார்த்தை போனால் போதும், புதுப் படுக்கை விரிப்பு வந்துவிடும்! இங்கிலாந்தில் ஆய்வில் கிடைத்த தரநிலையை இல்லத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அங்கே ஆய்வு நடத்தும் ஆணையம் பல இடங்களை ஆண்டுக்கணக்கில் எட்டிப்பார்க்கவில்லை என்று 2024-இல் அவர்கள் அரசு அமைத்த மறுஆய்வே கண்டித்தது. ஆனால் அப்படிக் கண்டிப்பதற்கும் அறிக்கைகள் பொதுவில் இருந்தாக வேண்டும். நம்மிடம் அவை கோப்புக்குள் இருக்கின்றன.

இல்லம் நடத்துகிறவர்கள் இதைப் படித்து வருத்தப்படலாம். மளிகைக் கடையில் கடன் சொல்லி, சொந்த நகையை அடகு வைத்து, யாரும் தொடத் தயங்கும் உடம்பைக் கழுவிவிடும் மனிதர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கெடுபிடி காட்டிச் சின்னச் சின்ன இல்லங்களை மூடிவிட்டால் அங்கிருப்பவர்கள் மறுபடி தெருவுக்குத்தான் வருவார்கள். ஆதரவற்ற 150 முதியோராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அரசு அமைக்க வழிசெய்கிற சட்டமும் இதே 2007 சட்டம்தான். அரசு தன் பங்கைச் செய்யாமல் தனியாரைப் பூட்டுவது நியாயமாகாது. ஆகவே குறை கண்ட இடத்தில் அவகாசம் கொடுங்கள், ஆளும் கொடுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-லிருந்து வீடு வீடாகப் போகிறது. நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அதில் இருக்கிறார்கள். முதியோர் இல்லமும் ஒரு வீடுதான் என்று அவர்கள் வரிசையில் சேருங்கள். கட்டிவைப்பது, அடிப்பது, தூக்க மாத்திரை கொடுத்து அடக்குவது, வெளிப்பக்கம் பூட்டுவது ஆகிய நான்குக்கும் அவகாசம் என்ற பேச்சே கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் கருகியது, ஓட முடியாமல் சங்கிலியில் கிடந்ததால்.

இரவு பத்து மணிக்கு வாருங்கள் என்று ஏன் சொல்கிறோம் என்றால், முதியோருக்கான 14567 உதவி எண்ணும் காலை 8 முதல் இரவு 8 வரைதான். அதன் பிறகு அந்த அறைகளில் என்ன நடக்கிறது என்று கேட்க யாருக்கும் வழியில்லை. ஒரு கூடத்துக்கு எத்தனை பேர் துணைக்கு இருக்கிறார்கள், கூப்பிட்டால் எழுந்து வருகிறார்களா, தண்ணீர்ச் செம்பு கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் பத்து மணிக்கு மேல்தான் தெரியும்.

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் இரண்டு தாள்கள் வேண்டும்: மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல் ஒன்று, ஒவ்வொன்றும் கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு செய்யப்பட்டது, என்ன கண்டார்கள் என்ற விவரம் ஒன்று. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வெளியிட்டால் ஒரு வரி குறைக்காமல் இந்த இதழில் அச்சிடுகிறோம். அதற்கு விளம்பரக் கட்டணம் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்