வளவில் நிற்கும் பெட்டி



அறுவடை முடிந்த காலத்தில் அம்பாறை மாவட்டத்து ஊர்களுக்குப் போனால் பல வீடுகளில் ஒரே காட்சிதான். கை உழவு இயந்திரத்தைக் கழற்றிக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டியிருப்பார்கள். அது இழுத்துவரும் பெட்டியோ வேலியோரத்தில் மூக்கை நிலத்தில் ஊன்றியபடி மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். எஞ்சின் இல்லாத சாமானை எவன் கொண்டுபோகப் போகிறான் என்பார்கள். எஞ்சின் இல்லாததுதான் கள்வனுக்கு வசதி. சாவி தேவையில்லை, சத்தம் எழாது. வெறும் பெட்டியை ஓர் ஆள் மூக்கைப் பிடித்துத் தூக்கினாலே உருளும். தெருமுனை வரை தள்ளிப்போய், அங்கு நிற்கும் இயந்திரத்தில் கொளுவி ஊசியைப் போட்டால் காரியம் முடிந்தது.

இதைப் பெண்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கணவர் கட்டாரில் இருப்பார், அல்லது வயலில் இருப்பார். வளவுக்குக் காவல் நீங்கள்தான். களவு போன பிறகு வரும் ஏச்சும் உங்களுக்குத்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவா, அவிழ்த்து விட்டுப் பொறுப்புச் சாட்டவா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. இதைக் கேள்விப்படாத வீடு இல்லை. ஆனால் எப்படிக் கட்டுவது என்பதை ஃபிக்ஹு கிதாபுகள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு பொருளைப் பாதுகாத்து வைக்கும் இடத்துக்கு 'ஹிர்ஸ்' என்று பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற ஹிர்ஸ் உண்டு. அதை ஊர் வழக்கமே தீர்மானிக்கும். தொழுவம் கால்நடைகளுக்கு ஹிர்ஸ், பாத்திரத்துக்கும் துணிக்கும் அல்ல. வீட்டு முற்றம் பாத்திரத்துக்கும் அன்றாட உடுப்புக்கும் ஹிர்ஸ், நகைக்கும் பணத்துக்கும் அல்ல என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து இழுத்துச் செல்லும் ஒட்டகங்களைப் பற்றியும் சொல்கிறார்கள்: முன்னால் நடப்பவர் அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும், ஒரு கோவையில் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது. பின்னால் இழுபட்டு வருவது கண்ணுக்குத் தப்பும் என்பதை அன்றே கவனித்திருக்கிறார்கள்.

ஆகவே பெட்டியைப் பெட்டியாகவே காக்க வேண்டும். மூக்குப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கொளுவ வருபவனுக்கு இடம் இருக்காது. கொளுவும் ஊசியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். தடித்த சங்கிலியைச் சில்லில் மட்டும் சுற்றாதீர்கள், சில்லைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதைக் கொண்டுபோவான். சில்லுக்குள்ளாலும் இரும்புச் சட்டத்துக்குள்ளாலும் விட்டு, வேரூன்றிய மரத்திலோ கொங்கிரீட் தூணிலோ கட்டுங்கள். சங்கிலியும் ஆமைப்பூட்டும் தரையில் கிடக்கக் கூடாது. தரை இருந்தால் சுத்தியலால் அடிக்க அவனுக்குப் பட்டறை கிடைத்த மாதிரி. சட்டத்தின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், வெல்டிங் செய்பவரைக் கொண்டு ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். பூசிய மையை மாற்றலாம், இதை மாற்றுவது கஷ்டம். கையடக்கத் தொலைபேசியில் அதைப் படம் எடுத்து, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். தராவீஹுக்கு எல்லோரும் பள்ளிக்குப் போகும் நேரத்தில் வாசல் விளக்கை அணைக்காதீர்கள்.

இனி, உங்கள் வளவில் நிற்பது பிறருடைய பெட்டியாக இருந்தால்? இங்கேதான் குடும்பங்களில் மனஸ்தாபம் வருகிறது. நமது ஷாபிஈ மத்ஹபின்படி, ஒருவர் நம்பி ஒப்படைத்த அமானத்தை அதற்குரிய இடத்தில் வைத்துக் காத்தும் களவு போனால் நட்டஈடு இல்லை. களவு போய்விட்டது என்று காத்தவர் சத்தியம் செய்து சொன்னால் அது ஏற்கப்படும். ஆனால் அனுமதியின்றி மகனிடம் கொடுத்து இரண்டு தரம் மண் ஏற்றினால் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிடும். காக்க இயலாது என்று தெரிந்தவர் அமானத்தை ஏற்பதே ஹராம். மாமி மனம் நோவா என்று பார்க்காமல், எனக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கு எடுத்ததும் அமானத்தைப் போன்றதே. இரவல் அப்படியல்ல. இரவல் வாங்கிய பெட்டி களவு போனால், கவனக்குறைவே இல்லாவிட்டாலும் வாங்கியவர் ஈடு கொடுக்க வேண்டும். ஹுனைன் போருக்காக ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவற்றைப் பொறுப்பேற்கப்பட்ட இரவலாகவே கேட்டார்கள். ஆகவே சாமான் வளவுக்குள் வரும்போதே இது அமானத்தா, வாடகையா, இரவலா என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பாகக் கட்டி வைத்தும் பெட்டி போய்விட்டதா? வீட்டில் இருந்த பெண்ணை "நீ தூங்கினாய், அதனால்தான்" என்று குத்திக்காட்ட எந்தக் கணவனுக்கும் உரிமையில்லை. மனைவி கணவனின் வீட்டுக்குப் பொறுப்பாளி என்பது ஹதீஸ். விடிய விடிய விழித்திருக்கும் இராக் காவலாளி என்று அதற்குப் பொருளில்லை.

மை போட்டுப் பார்ப்பவரிடம் மட்டும் போகாதீர்கள். குறி சொல்பவனிடம் போய்க் கேட்டவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். மையில் தெரிந்த முகம் எப்போதும் அண்டை வீட்டுப் பையனின் முகமாகவே இருப்பது ஆச்சரியம்தான்! அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தை எழுதி வையுங்கள். பக்கத்து ஊர் கராஜ்களுக்கும் பழைய இரும்பு எடுப்பவர்களுக்கும் அந்த அடையாளத்தைச் சொல்லியனுப்புங்கள். பாதி விலைக்கு ஒரு சோடிச் சில்லு வந்திருக்கிறது என்று உங்கள் வீட்டு ஆண்கள் சந்தோஷமாக வந்து சொன்னால், அது யாருடைய பெட்டியில் இருந்தது என்று விசாரித்த பிறகே காசு கொடுக்கச் சொல்லுங்கள்.