துரு மேல பெயிண்ட் வேண்டாம்

கோலா பிலா தோட்ட ஆபிஸில் இருந்த கைச்சுற்று டெலிபோன், நம்ம கோயில் ஸ்டோரில் துருப்பிடிச்சுக் கிடக்கு. சிலர் இரும்புக்கடையில் போடச் சொல்றாங்க, சிலர் வெள்ளிப் பெயிண்ட் அடிச்சு மண்டபத்தில் வைக்கச் சொல்றாங்க. இரண்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

துரு மேல் பெயிண்ட் நிற்காது, கோயில் கேட்டில் பார்த்தோமே! இரும்புப் பாகங்களை மட்டும் கழற்றி, வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தேய்த்து, சோடா மாவுத் தண்ணியில் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் தடவணும். நிக்கல் மணிக்கு மணல்தாள் கூடவே கூடாது. கைப்பிடியைச் சுற்றும்போது ஒயரைத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும்.

கோலாலம்பூரில் 1928-ல் கட்டிய எக்ஸ்சேஞ்ச் கட்டடமே டெலிகாம் மியூசியம் ஆச்சு. பிரசவம், சாவு என்று நம்ம பாட்டன்மார் கிராணியிடம் கெஞ்சி நின்றது இந்த டெலிபோனுக்காகத்தான். அதை எடைக்குப் போடுவதா?

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் வேலை ஆரம்பம். ஸ்குரூ டிரைவர் உள்ளவங்க கொண்டு வாங்க.