கல்மரம் பறந்து போகாது!

திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 2 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள் புவியியலார். பத்து பஸ் நிறையப் பிள்ளைகள் வரட்டும், பார்க்கட்டும்! துண்டு பெயர்த்து மடியில் கட்டாதவரை நட்டமில்லை. கூச்சலுக்கு அஞ்சிக் கல்மரம் பறந்தா போகும்?

ஆனால் தோழர்களே, இதே வானூர் வட்டத்தில் தொடங்கி மரக்காணம் வரை விரிந்து கிடக்கிறதே கழுவெளி, அங்கே இருப்பது உயிர்! 2021 டிசம்பரில், சுமார் 12,700 ஏக்கரைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. பயணிகளை அழைக்கலாமா? அழைக்கலாம். டீக்கடைக்கு வியாபாரம், படித்த வாலிபனுக்கு வழிகாட்டி வேலை. வேண்டாமென்று சொல்ல நாம் யார்?

வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவையின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்த நீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. பலன் கண்ட உழவர், சட்டம் வருமுன்பே வேட்டைத் துப்பாக்கியைத் தடுத்தனர். இலாபம் ஊருக்கு, எனவே காவலும் ஊரே!

நீலகிரிச் சீகூரிலோ நேர்மாறு. யானை நடக்கும் தடத்திலே உல்லாச விடுதிகள், மின்வேலிகள்! காட்டைக் காட்டிக் காசு பார்த்தவர்கள், காட்டு விலங்குக்கே வழியடைத்தார்கள். வழித்தடத்தைக் காக்க 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. வருமானம் முதலாளிக்கு, வழிமாறிய யானையோ ஏழையின் வாழைத்தோட்டத்துக்கு!

நாளை கழுவெளிக் கரையில் விடுதி கட்ட எவரேனும் மனுப்போட்டால், கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: கழிவுநீர் எங்கே போகும்? விசைப்படகு ஓடுமா? வலைவீசிப் பிழைப்பவனுக்குச் சீட்டு வசூலில் எத்தனை காசு?