சிவப்புத் துண்டில் பச்சோந்தி சிவக்காது

சிவப்புத் துண்டின் மேல் பச்சோந்தியை விட்டால் சிவந்துவிடும், நீலப் புடவையில் விட்டால் நீலமாகிவிடும் என்று நம்பாத ஆளைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கட்சி மாறியவரைத் திட்ட மேடைப் பேச்சாளர்களுக்கு வேறு பிராணியே அகப்படவில்லை. இப்போது செல்போன் வேறு. வரிசையாக வைத்த கலர் கலரான கூலிங் கிளாஸ்கள் மேல் நடந்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும் பச்சோந்தியைப் பார்த்து எத்தனை பேர் வாய் பிளந்தார்கள்! அது விளம்பரத்துக்காகச் செய்த கைவேலை.

வெறும் பொது அறிவுப் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பச்சோந்தியைக் கூண்டில் வைத்து வளர்க்கும் வீட்டில் இந்த நம்பிக்கை உயிரை வாங்குகிறது. பயம், நோவு, சூடு போன்றவற்றை அது தோலில் காட்டும். வீட்டுக்காரரோ ‘வித்தை காட்டுது’ என்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்.

முதலில் ஆளையே நமக்குச் சரியாகத் தெரியாது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களில் பாதிப் பேர், வேலியில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் செந்தலைப் பிராணியைக் காட்டி ‘அதோ பச்சோந்தி’ என்பார்கள். அது ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் தொண்டையும் சிவக்கும். போட்டிக்காரனை விரட்டவும் பெண்ணை அழைக்கவும் போட்டுக்கொள்ளும் சிவப்பு அது. வேலியின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பச்சோந்தி ஓணானைப் போல விருட்டென்று ஓடாது. காற்றில் இலை ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி அடி வைக்கும். கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து கிளையைக் கவ்வும், கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும், வால் சுருளும். இந்தியாவில் இருப்பது ஒரே ஒரு இனம்தான். 1768-இல் லாரென்டி என்பவர் அதை விவரித்து, இலங்கையின் பெயரைச் சேர்த்து ‘கமேலியோ ஜெய்லானிகஸ்’ என்று பெயர் வைத்தார். அதைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாலையைக் கடக்கும் ஒன்றைக் கண்டால், அது போகிற திசையிலேயே சாலைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். முட்டையிட மண் தேடி இறங்கிய பெண்ணாக இருக்கலாம்.

ஆகவே, வீடுகளில் வளர்வதாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு: ஏமன், சவூதிப் பக்கத்து ‘வெய்ல்ட் கமேலியன்’, மடகாஸ்கரின் ‘பாந்தர் கமேலியன்’. இவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டிக்குள் துணியில் சுருட்டி விமானத்தில் கடத்தி வந்தவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது சுங்கத்துறைக்கும் திருடனுக்கும் உள்ள விவகாரம். வாங்குகிறவரும் அதில் பங்காளி என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நிறத்துக்கு வருவோம். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிட்ச் குழுவினர் பாந்தர் வகையின் தோலை ஆராய்ந்தார்கள். தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பிராணி அமைதியாக இருந்தால் படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். எதிரில் இன்னொரு ஆண் வந்து உணர்ச்சி ஏறினால் படிகங்களின் இடைவெளி அகன்று, மஞ்சளும் சிவப்பும் எழும்பும். இதில் துண்டின் நிறம் எங்கே வருகிறது? லிகன், மெக்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் வெய்ல்ட் ஆண்களை மோதவிட்டுப் பார்த்தபோது, தலையின் நிறம் யாருக்கு வேகமாகவும் பளிச்சென்றும் மாறியதோ அவரே பெரும்பாலும் ஜெயித்தார். தோற்றவை கறுத்துப்போகும். ‘நான் ஒதுங்கிக்கொள்கிறேன், விட்டுவிடு’ என்பதற்கு அவற்றிடம் உள்ள மொழி அந்தக் கறுப்பு.

‘அப்படியானால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பச்சை அதன் சாதாரண நிறம். இலைக்குள் இருந்தால் மறையத்தான் செய்யும். தென்னாப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளில் ஒன்று, பறவை வந்தால் ஒரு விதமாகவும் பாம்பு வந்தால் ஒரு விதமாகவும் நிறத்தைச் சரிசெய்துகொள்வதைக்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால், அதே நாட்டின் பச்சோந்திகளை ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வு, இத்தனை நிறம் மாற்றும் திறன் வளர்ந்ததற்குக் காரணம் தம் இனத்தோடு பேசுவதுதான், ஒளிவது அல்ல என்று கண்டது. மறைவதற்கு அதனிடம் கொஞ்சம் திறமை உண்டு. துண்டைப் பார்த்து நகல் எடுக்கும் திறமை கிடையாது.

இனி அடுக்குமாடி வீட்டுப் பால்கனிக்கு வாருங்கள். நடுப்பகலில், நல்ல வெளிச்சத்தில், பச்சோந்தி கறுத்து உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது. ‘கூண்டு கறுப்பு, அதனால்தான்’ என்கிறார் வீட்டுக்காரர். அது பயந்திருக்கலாம், குளிரில் இருக்கலாம், நோயில் இருக்கலாம். காலையில் கறுத்திருந்தால் கவலை வேண்டாம். வெயிலை வாங்கிச் சூடேறக் கறுக்கும். ராத்திரி வெளுத்துத் தூங்குவதும் சரிதான். பகலில் வெளுத்து, வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை. ஆவடிப் பக்கத்து மே மாத வெயிலில், நிழலில்லாத பால்கனிக் கூண்டு ஒரே மதியத்தில் வேலையை முடித்துவிடும். வாயைப் பிளந்து தலையை மேலே தூக்கிக்கொண்டிருக்க, மூக்கிலோ வாயிலோ சளி தெரிந்தால் அது நுரையீரல் தொற்று. ‘சிரிக்கிறது’ என்று படம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பகலில் கண்ணை மூடியிருந்தால் ‘தூங்குது, பாவம்’ என்று விடாதீர்கள். ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்குவதில்லை. கண் குழிவிழுந்து, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சாகப் போனால் தண்ணீர் போதவில்லை. கிண்ணத்தில் நிறைய வைத்திருக்கிறேனே என்பார்கள். கிண்ணத்துத் தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். நாள் முழுக்க நனைத்துக் காற்றுப் போகாமல் மூடிவைத்தால் அதுவும் நோய்தான்.

கால் வளைவது, தாடை மெத்தென்று ஆவது, பூச்சியைக் குறிபார்த்தும் நாக்கு நீளாமல் போவது ஆகியவை எலும்பு கரைவதன் அறிகுறிகள். ‘ஜன்னல் ஓரமாகத்தானே வைத்திருக்கிறேன், வெயில் விழுகிறதே’ என்பது இதற்கு வழக்கமான பதில். எலும்புக்கு வேண்டிய புற ஊதா பி கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லையேல் வைட்டமின் டி3 இல்லை, அது இல்லையேல் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. வெட்டுக்கிளி, புழு போன்றவற்றில் பெரும்பாலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியப் பொடி தூவாமல் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பெண் வெய்ல்ட் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. ஆண் துணை இல்லாமலேயே அது முட்டை போடும். வயிறு உப்பி, கூண்டுத் தரையில் பரபரவென்று அலைந்தால், தோண்டுவதற்கு ஈரமண் கேட்கிறது என்று பொருள். மண் கிடைக்காமல் முட்டையை அடக்கி வைத்துச் செத்துப்போனவை ஏராளம். அந்தக் கடைசி நாட்களிலும் அதன் தோலில் அழகான புள்ளிகள் தெரியும், வீட்டார் ரசித்துக்கொண்டிருப்பார்கள்.

கையில் ஏறி வருவதைப் பாசம் என்பவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பயந்த பச்சோந்தி உயரமான இடம் தேடும். அந்த நேரத்தில் கையும் ஒரு கிளை, அவ்வளவுதான். அது தனியாக வாழும் பிராணி. கண்ணாடித் தொட்டியில் தன் உருவத்தையே எதிரியாக நினைத்து நாளெல்லாம் நிறம் மாற்றிக்கொண்டு நிற்கும். விருந்தாளிகளுக்கு அதுதான் வேடிக்கை.

வாரத்துக்கு ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். வேட்டையாடப்படும் பிராணி முடிந்த மட்டும் நோயை மறைக்கும். எடையை மறைக்க முடியாது. குறைந்தால், ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் முதலில் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆவடியிலிருந்து சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனை வரை போவதென்றால் உச்சிவெயிலைத் தவிர்த்து, காற்றோட்டமுள்ள பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒரு குச்சி வைத்து, துணியால் மூடிக் கொண்டுபோங்கள். அன்றைய எச்சத்தையும் கூண்டின் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புற ஊதா விளக்கை எப்போது மாற்றினீர்கள், எரிகிறதே தவிரக் கதிர் தீர்ந்து போயிருக்குமா, கால்சியம் எப்படித் தருகிறீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். ‘கலர் நல்லாத்தான் மாறுது டாக்டர்’ என்பது இவற்றில் எதற்கும் பதில் இல்லை.