ஆகாயத்திலும் குத்தகை முறை

அமெரிக்காவில் சிறு ஊர்களையும் பெரிய பட்டணங்களையும் இணைத்துச் சிறு ஜெட் விமானங்கள் ஓட்டும் கம்பெனிகள் பல இருக்கின்றன. இவற்றை அங்கே பிராந்திய விமானக் கம்பெனிகள் என்கிறார்கள். 2019-ம் வருஷத்தில் அந்நாட்டில் அட்டவணைப்படி புறப்பட்ட விமானங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை இக்கம்பெனிகள் ஓட்டியவையே. இவ்வளவு வேலை செய்யும் கம்பெனிகளின் பெயர் எத்தனை பிரயாணிகளுக்குத் தெரியும் என்று கேட்டால், அநேகருக்குத் தெரியாது என்பதுதான் பதில். டிக்கட்டை விற்பது பெரிய கம்பெனி. விமானத்தின் வாலில் பூசியிருப்பது பெரிய கம்பெனியின் வர்ணம். ஓட்டுகிறவர் மாத்திரம் வேறொரு கம்பெனியின் சம்பளக்காரர்.

அந்தச் சம்பளக்காரர் ஓய்ந்து உட்காரும் போதெல்லாம் போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. "நமது கம்பெனி நிலைக்குமா? நிலைக்காதென்றால் இப்பொழுதே வெளியேறுவதா, இன்னும் கொஞ்ச காலம் பொறுப்பதா? வெளியேறினால் எந்த வரிசையின் எந்தக் கோடியில் போய் நிற்பது?" என்பதே அந்தக் கணக்கு. நூறு உயிரைத் தூக்கிக்கொண்டு முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கக் கூடிய அறிவும் பயிற்சியும் உடைய ஒரு மனிதர், தரைக்கு வந்ததும் தன் வாழ்வைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரமுடியாமல் தவிக்கிறார் என்றால் அதற்குக் காரணம் என்ன? அவருடைய தலையெழுத்தா? அல்லது யாரோ சிலர் கூடி உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தமா? இதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

முதலாவது, இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைக் கவனிப்போம். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு விமானம் போவது என்பதையும், டிக்கட்டுக்கு என்ன விலை என்பதையும் பெரிய கம்பெனியே தீர்மானிக்கிறது. எண்ணெய்ச் செலவும் பெரும்பாலும் அதனுடையதே. சிறு கம்பெனிக்கு இத்தனை விமானம் ஓட்டினால் இத்தனை பணம் என்று பேசிவிடுகிறார்கள். அப்படியானால் சிறு கம்பெனிக்காரன் தன் சாமர்த்தியத்தைக் காட்டக் கூடிய இடம் எது? டிக்கட் விலையை ஏற்ற முடியாது. எண்ணெயில் மிச்சம் பிடிக்க இடமில்லை. மிஞ்சுவது ஆள் சம்பளம் ஒன்றுதான். ஒப்பந்தம் முடியும் போதெல்லாம் "யார் குறைத்துக் கேட்கிறீர்கள்?" என்று ஏலம் நடக்கிறது. நம் ஊர்க் குத்தகை ஏலத்தில் ஏற்றிக் கேட்டவனுக்கு நிலம் போகும். இந்த ஏலத்திலோ இறக்கிக் கேட்டவனுக்கு விமானம் போகிறது. ஏலம் கேட்கிறவன் இறக்குவது தன் பங்கை அல்ல, தன்னிடம் வேலை செய்கிறவர்களுடைய கூலியை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விமானியின் சம்பளம் அவர் அந்தக் கம்பெனியில் இருந்த வருஷத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே ஒரு கம்பெனிக்கு வயது ஏற ஏற, அதன் விமானிகள் அனுபவசாலிகள் ஆக ஆக, அதன் செலவும் ஏறுகிறது. நேற்று முளைத்த கம்பெனியில் எல்லோரும் முதல் வருஷக்காரர்கள். அது குறைத்துக் கேட்டு வேலையைத் தட்டிக்கொண்டு போகிறது. வேறு எந்தத் தொழிலில் அனுபவம் ஒரு குற்றமாகும்? வைத்தியரிடம் போகிறவன் இருபது வருஷம் வைத்தியம் பார்த்தவரையல்லவா தேடிப் போகிறான்? இங்கே பத்துப் பதினைந்து வருஷம் ஒழுங்காகப் பறந்ததே கம்பெனியை மூடுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது!

உதாரணமாக, காம்ஏர் என்னும் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 1977-ம் வருஷத்தில் சின்சினாட்டியில் தொடங்கிய இதை 1999-ம் வருஷக் கடைசியில் டெல்டா கம்பெனி விலை பேசி வாங்கிக்கொண்டது. 2001-ம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி இதன் விமானிகள் வேலை நிறுத்தம் செய்து, 89 நாள் உறுதியாக நின்று, நல்ல சம்பளமும் நிபந்தனைகளும் பெற்றார்கள். சிறு கம்பெனி விமானிகளுக்கெல்லாம் அது ஒரு வெற்றியாகக் காணப்பட்டது. பிறகு நடந்தது என்ன? 2005-ல் டெல்டாவும் காம்ஏரும் திவால் கோர்ட்டுக்குப் போயின. விமானங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. செலவு அதிகம், 50 ஆசன ஜெட்டுகள் கட்டுபடியாகவில்லை என்று சொல்லி 2012-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதியோடு கம்பெனியையே மூடிவிட்டார்கள். டெல்டாவின் பெயர் போட்ட சிறு விமானங்கள் மாத்திரம் நின்றுபோகவில்லை. வேறு கம்பெனிகளின் ஆட்கள் அவற்றை ஓட்டினார்கள்.

ஒரே முதலாளி பல சிறு கம்பெனிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று மோதவிடுவதும் உண்டு. அமெரிக்கன் கம்பெனிக்குச் சொந்தமான பி.எஸ்.ஏ. என்ற கம்பெனியின் விமானிகள் 2013-ல் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்கள். புது விமானங்கள் அவர்களுக்கு வந்தன. அதே முதலாளியின் மற்றொரு கம்பெனியாகிய, பின்னர் என்வாய் என்று பெயர் மாறிய அமெரிக்கன் ஈகிள் விமானிகள் 2014-ல் முடியாது என்று ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த விமானங்கள் வேறிடத்துக்குப் போயின. இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, "யார் குறைத்துச் சாப்பிடுகிறானோ அவனுக்குத்தான் நாளைக்குச் சோறு" என்று சொல்லும் தகப்பனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

நிற்க. 2020-ம் வருஷத்தில் கொரோனா நோயினால் விமானப் போக்குவரத்து படுத்தபோது இந்தக் குத்தகை முறையின் சொரூபம் முழுவதும் வெளிப்பட்டது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரண்டு கம்பெனிகள் மறைந்தன. யுனைடெட் கம்பெனிக்குச் சிறு ஜெட்டுகள் ஓட்டிவந்தவை எக்ஸ்பிரஸ்ஜெட், கம்யூட்ஏர் என்ற இரண்டும். இரண்டிலும் யுனைடெட்டுக்குப் பங்கு இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுவதென்று அது தீர்மானித்தது. எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பர் 30-ந் தேதியோடு ஓட்டத்தை நிறுத்தியது. 2021-ல் ரீனோ நகரத்திலிருந்து சொந்தப் பெயரில் பறந்து பார்த்து, 2022 ஆகஸ்டில் அதுவும் திவாலாயிற்று. அந்த விமானிகள் சரியாக ஓட்டவில்லையென்றோ, திறமையில்லாதவர்கள் என்றோ யாராவது சொன்னார்களா? இல்லை. வேறொருவர் மேஜையில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இவர்கள் இருந்தார்கள். அவ்வளவுதான்.

கம்பெனி போனால் வேறு கம்பெனிக்குப் போகலாமே என்று சிலர் கேட்கலாம். போகலாம்தான். ஆனால் அங்கே சீனியாரிட்டி என்னும் முன்பின் வரிசை குறுக்கே நிற்கிறது. விமானியின் சம்பளம், விடுமுறை நாள், எந்த ஊரில் இருப்பது, எந்த விமானம் ஓட்டுவது, எப்பொழுது காப்டன் ஆவது ஆகிய யாவும் அந்தக் கம்பெனியில் சேர்ந்த தேதியைப் பொறுத்தவை. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவருக்கே முதலில் சீட்டுக் கிழியும். இருபது வருஷம் காப்டனாயிருந்தவர் புதுக் கம்பெனியில் சேர்ந்தால், நேற்று பள்ளியிலிருந்து வந்த பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆகையால்தான் முழுகும் கப்பல் என்று தெரிந்தும் அநேகர் இறங்குவதில்லை. இருந்தால் வருஷம் வீணாகும். போனால் சேர்த்த வருஷமெல்லாம் வீணாகும். இப்படி இரண்டு பக்கமும் நஷ்டமாக வைத்துவிட்டு, "இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் போ" என்று சொல்வது சுதந்தரமா?

இது விமானிகளின் வயிற்றுப்பாட்டு விஷயம், பிரயாணிகளுக்கு என்ன வந்தது என்று நினைப்பவர்களுக்கு 2009-ம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறோம். அவ்வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி இரவு, நியூவார்க்கிலிருந்து பபலோவுக்குப் போன விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து, விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள். டிக்கட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் என்னும் சிறு கம்பெனி. வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது காப்டன் செய்த தவறான காரியமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. ஆனால் அதே விசாரணையில் வேறு சங்கதிகளும் வெளிவந்தன. துணை விமானி முந்தின இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் ஒண்டிக்கொண்டு கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வேலைக்கு வந்திருந்தார். காப்டனும் விமான நிலையத்தில் ஊழியர் அறையில் ராத்தங்கியவர். இருவரும் களைத்திருக்கக் கூடும் என்று விசாரணை சொல்லிற்று. வேலை செய்யும் ஊரில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கவும் கட்டாத சம்பளத்தில் பலர் பறந்துகொண்டிருந்த காலம் அது.

இறந்தவர்களுடைய குடும்பத்தார் வீட்டில் அழுதுகொண்டு உட்காராமல் வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போய் வாதாடினார்கள். அதன் பலனாக 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றாயிற்று. 2014 ஜனவரி முதல் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் புது விதிகள் அமுலுக்கு வந்தன. டிக்கட் விற்கும் போதே உண்மையில் ஓட்டுவது யார் என்று சொல்ல வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் ஏறிற்று.

இனி மறுப்பவர்கள் சொல்வதைப் பார்ப்போம். "சம்பளத்தை உயர்த்தினால் சிறு கம்பெனிகள் அழிந்துவிடும்; வியாபாரம் தாங்காது" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 2022-ம் வருஷத்தில் விமானிகள் கிடைக்காமற் போனார்கள். ஒரு பெரிய பிராந்தியக் கம்பெனி 29 சிறு ஊர்களுக்கு ஓட்டுவதை நிறுத்திக்கொள்வதாக அரசாங்கத்துக்கு எழுதிற்று. அதே வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்கன் கம்பெனியின் சொந்தச் சிறு கம்பெனிகள் புதிதாகச் சேரும் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. தாங்காது என்று சொன்ன வியாபாரம் எப்படித் தாங்கிற்று? எந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பணம் வந்தது? ஆனாலும் அந்த உயர்வில் ஒரு பகுதிக்கு 2024 ஆகஸ்டு வரை என்று கெடுவும் வைத்தார்கள். பஞ்ச காலத்தில் கொடுத்த அரிசியை மழை பெய்ததும் திருப்பிக் கேட்கும் புத்தி இது.

"ஆகாயத்தில் பறக்கும் ஆசையினால் அவர்களாக வந்த வேலை" என்பது இரண்டாவது மறுப்பு. ஆசையோடு வேலை செய்கிறவனுக்குக் கூலி குறைவாகக் கொடுக்கலாம் என்று எந்த நியாயம் சொல்கிறது? ஆசைக்காகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதென்றால், லாபத்தில் ஆசையுள்ள முதலாளிக்கும் அப்படியே பிடித்தம் செய்யட்டுமே!

ஆனால் குற்றம் முழுவதும் முதலாளிமார் மேல்தான் என்று சொல்லிவிட்டு நாம் போகப் போவதில்லை. டெல்டா விமானிகளும் காம்ஏர் விமானிகளும் 1931-ல் ஏற்பட்ட ஒரே விமானிகள் சங்கத்தில்தான் அங்கத்தினர்கள். காம்ஏர்க்காரர்கள் 2000-ம் வருஷ வாக்கில், எங்களையும் உங்கள் வரிசையில் சேர்த்து ஒரே பட்டியலாக்குங்கள் என்று கேட்டபோது அது நடக்கவில்லை. பெரிய கம்பெனி விமானிகள், இத்தனை ஆசனத்துக்கு மேற்பட்ட விமானத்தைச் சிறு கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் வேலி போட்டுக்கொண்டார்கள். வேலிக்கு அப்பால் என்ன சம்பளத்துக்கு ஓட்டினாலும் தங்களுக்குக் கவலையில்லை என்று இருந்தார்கள். அப்பாலிருந்தவர்களும், பக்கத்துக் கம்பெனி விழுந்தால் அதன் விமானம் நமக்கு வரும் என்று காத்திருந்தார்கள். ஒருவர் விழுவதில் மற்றவர் பிழைப்பு என்று இருக்கும்வரை சங்கம் என்ற பெயரால் பயன் என்ன?

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். விமானியின் அனுபவம் அவருடைய சொத்து. அது கம்பெனியோடு சாகக் கூடாது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பறந்த வருஷங்களுக்கு உரிய சம்பளப் படி கூடவே போக வேண்டும். இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆள் பஞ்சம் வந்தபோது சில பிராந்தியக் கம்பெனிகளே வேறிடத்தில் பறந்த வருஷங்களையும் சம்பளத்துக்குக் கணக்கில் சேர்த்துக்கொண்டன. தங்களுக்குத் தேவைப்பட்டபோது முடிந்தது, விமானிக்குத் தேவைப்படும் போது மாத்திரம் ஏன் முடியாது? இரண்டாவது, ஒப்பந்தம் கைமாறும் போது விமானத்தோடு விமானியும் போகும்படி நிபந்தனை ஏற்பட வேண்டும். மூன்றாவது, டிக்கட்டில் யார் பெயரோ அவர்களே ஓட்டுகிறவர்களின் கூலிக்கும் ஓய்வுக்கும் ஜவாப்தாரி ஆக வேண்டும். இம்மூன்றும் ஏற்பட்டால், பழைய கம்பெனியை மூடிப் புதுக் கம்பெனி திறப்பதில் லாபமிராது. லாபமில்லாவிட்டால் ஏலமும் நின்றுபோகும்.

இவை ஒரு கம்பெனி விமானிகள் தனியே கேட்டுக் கிடைப்பவை அல்ல. தனியே கேட்டவர்களுக்கு நேர்ந்ததைக் காம்ஏர் காட்டிவிட்டது. 89 நாள் நின்ற அந்த உறுதி எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே நாளில் இருந்திருந்தால் விமானங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேறிடம் ஏது? தங்கள் கம்பெனி நிலைக்குமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்குப் போடுவதை விட்டு, எந்தக் கம்பெனி நிலைக்காவிட்டாலும் நாம் எல்லோரும் நிற்பதற்கு வழி என்ன என்று சேர்ந்து கணக்குப் போடும்படி விமானிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.