எட்டு மதிப்பெண்ணும் எட்டாத பொருளும்

ஆங்கிலத் தேர்வில் மாணவரின் நினைவாற்றலை அன்றி, அவரது வாசிப்பைச் சோதிப்பதற்கென்று ஒரு வினா உண்டு. முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துப் பொருள் உணர்ந்து விடையளிக்குமாறு கேட்கும் வினா அது. செய்யுளை மனப்பாடம் செய்யலாம்; கட்டுரையை உரைநூல் பார்த்து உருப்போடலாம்; கடிதத்திற்கும் விண்ணப்பத்திற்கும் ஆயத்தமான அச்சுகள் இருக்கின்றன. இந்தப் பத்தியை மட்டும் எந்த உரைநூலும் முன்கூட்டி அச்சிட்டு விற்க முடியாது. ஆகையால் தேர்வுத்தாளில் நேர்மையான மூலை இதுவே என்று பெற்றோராகிய நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை பொய்த்து நெடுநாள் ஆயிற்று.

கீழ்வரும் வாக்கியத்தை வாசகர்கள் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம்: 'மிடலப்பன் தோவூரில் மூன்று நெகிட்டுகளைத் துவலாகப் பவிட்டினான்.' இனி வினாக்கள். நெகிட்டுகளைப் பவிட்டியவன் யார்? மிடலப்பன். எங்கே பவிட்டினான்? தோவூரில். எத்தனை நெகிட்டுகளை? மூன்று. எவ்வாறு பவிட்டினான்? துவலாக. நான்கு வினா, நான்கு சரியான விடை, முழு மதிப்பெண். நெகிட்டு என்பது தின்னும் பண்டமா, தைக்கும் துணியா, அடித்துத் துரத்தும் விலங்கா? நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் எழவில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடினோம்; அதற்குப் பக்கத்தில் நின்றதை எடுத்து எழுதினோம்.

இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கற்பிக்கிறார்கள். கற்பித்துப் பயிற்சியும் அளிக்கிறார்கள். 'ஹூ' என்று வந்தால் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடு. 'வென்' என்று வந்தால் ஆண்டைத் தேடு. 'ஒய்' என்று வந்தால் 'பிகாஸ்' நிற்கும் வரியைக் கண்டுபிடித்து அதை அப்படியே எழுது. ஒன்றும் விளங்காவிட்டால் வினாவின் சொற்கள் அதிகம் தென்படும் வரியை முற்றுப்புள்ளி வரை பெயர்த்து வை. பத்தியை முதலில் படிக்காதே, நேரம் வீண். வினாவை முதலில் படி. இந்தக் கடைசி அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பும் வருகிறது, துயரமும் வருகிறது. வாசிப்புத் தேர்வுக்கு வாசிக்காதே என்பதே வழிகாட்டியாகிவிட்டது!

இதைப் பர்கூரிலிருந்து எழுதுகிறோம். மாட்டினத்திற்குப் பெயர்பெற்ற ஈரோட்டு மலைப் பர்கூர் அன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். 1991 சட்டமன்றத் தேர்தலில் செல்வி ஜெயலலிதா வென்ற தொகுதி என்றால் பலருக்கும் உடனே நினைவுக்கு வரும். ஜவுளிக் கடைகளும் கருங்கல் மெருகேற்றும் பட்டறைகளும் சிப்காட் தொழிற்பேட்டையும் உள்ள ஊர். 1994 முதல் அரசு பொறியியற் கல்லூரியும் இங்குண்டு. வடக்கே சிறிது தொலைவு போனால் ஆந்திர எல்லை. மேற்கே ஓசூரைக் கடந்தால் கர்நாடகம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் கடைவீதியில் சரளமாய்ப் புழங்கும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளி நூலில் இன்னொரு தமிழ், அதற்கும் மேல் ஆங்கிலம் என்று நான்கு படிகளை ஒரு குழந்தை பத்து வயதுக்குள் ஏறிவிடுகிறது. மொழி வராத பிள்ளைகள் என்று இவர்களை யாரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். மூன்று மொழியில் பேரம் பேசத் தெரிந்த பிள்ளைக்கு நான்காவது மொழியில் ஒரு பத்தியின் பொருளை உணர்த்த முடியவில்லையென்றால், குறை பிள்ளையினுடையதா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2019-20 கல்வியாண்டு முதல் ஆங்கிலம் ஒரே தாள் ஆயிற்று. அம்முறையில் 100 மதிப்பெண்ணில் இந்தப் பத்தி வினாவின் பங்கு 8. நான்கு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மத்திய பாடத்திட்டமாகிய சி.பி.எஸ்.இ.யின் பத்தாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வில் 80க்கு 20 மதிப்பெண் வாசிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எட்டே மதிப்பெண், அதையும் வரி பெயர்ப்பால் வாங்கிவிடலாம் என்றால், படித்துப் பொருள் சொல்லும் திறமைக்கு நம் மாணவரின் சான்றிதழில் உண்மையில் கிடைக்கும் இடம் எவ்வளவு?

இது கற்பனைப் புலம்பல் அன்று. ஊர்ப்புறத்து இளைஞரை ஆராய்ந்த 'அசர்' என்னும் ஆய்வறிக்கை 2023ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்தது. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களுள் ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர் பாதியைவிடச் சற்று மிகுதி. அவ்வாறு வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர் ஏறத்தாழ முக்கால் பங்கினரே. எஞ்சிய கால் பங்கினரின் வாய் வாசித்தது, மனம் வாசிக்கவில்லை. இந்த நோய் பழையது, நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1917இல் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் தார்ண்டைக், பள்ளி வருகை விதி பற்றிய எளிய பத்தி ஒன்றைச் சிறுவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பத்தி எதைப் பற்றியது என்று கேட்டபோது, அதில் வந்த ஊர்ப்பெயரையே விடையாக எழுதியவர்களும் இருந்தனர். கண்ணில் பெரிதாய்ப் பட்ட சொல்லைக் கைப்பற்றிக்கொண்டார்கள். வாசிப்பது என்றால் கணக்குப் போடுவது போன்ற சிந்தனை வேலை என்று அவர் அப்போதே முடிவு கூறினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், அந்தச் சிறுவர்களின் பிழையை நாம் தேர்வு உத்தியாக உயர்த்தி வைத்திருக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது. தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அலுவலரிடம், வாசிப்பதன் பொருள் விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டார். அந்த மனிதர் அதே வரியைத் திரும்ப ஒப்பிக்கவில்லை. வழிகாட்ட ஆள் இல்லையே என்றார். பிறகு, இறைவாக்கினர் இதை யாரைக் குறித்துச் சொல்கிறார் என்று திருப்பிக் கேட்டார். நம் தேர்வு முறையில் அவருக்குச் சுழியம்தான் கிடைத்திருக்கும்.

தேர்வு முடிந்துவிட்டால் போதும், பிறகு யார் பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்பர் சிலர். பர்கூரில் அப்படிச் சொல்ல முடியாது. 1980களில் ஓசூரில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் உருவாகத் தொடங்கின. அண்டையிலுள்ள போச்சம்பள்ளியில் 2021இல் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த நம் பெண்பிள்ளைகள் விடியுமுன் வேலைப் பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்கள் கையில் தரப்படும் பணிநியமனத் தாள் பெரும்பாலும் ஆங்கிலம். மருந்துப் புட்டியின் எச்சரிக்கை ஆங்கிலம். காப்பீட்டுப் பத்திரம், கடன் பத்திரம், மருத்துவமனையில் அறுவைக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவம் யாவும் அவ்வாறே. அங்கே வினா அச்சிடப்பட்டிருப்பதில்லை. எந்த வரியில் 'பிகாஸ்' இருக்கிறது என்று தேடிப் பயனில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதைக் கையெழுத்திடுபவளே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மாதத்திற்குள் விலகினால் என்ன பிடித்தம், யாருக்கு அறிவிக்க வேண்டும், இரவு முறைக்கு மறுக்கலாமா என்பதையெல்லாம் பத்தியை முழுதும் படித்தவள்தான் அறிவாள். எட்டுக்கு எட்டு வாங்கிய பெண் ஒருத்தி இத்தகைய தாளை நம்மிடம் நீட்டி, கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும் கேட்டாள்.

எதிர்வாதம் ஒன்று வலிமையுடையது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். ஊர்ப்புறத்துப் பள்ளியின் ஆசிரியர் சொல்வார்: "என் வகுப்பில் 35 எட்டத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த எட்டு மதிப்பெண்தான் அவர்களைக் கரையேற்றும் தோணி. அதையும் பறிப்பீர்களா?" அந்த ஆசிரியரைக் குறைகூற நமக்கு வாயில்லை. மூழ்குகிற பிள்ளைக்கு அவர் கையில் கிடைத்த கட்டையை நீட்டுகிறார். நம் சினமெல்லாம் 90க்கு மேல் வாங்கும் பிள்ளைக்கும் அதே கட்டையை நீட்டும் நிறுவனங்கள் மீது. நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டியதும் மனநிறைவு கொள்ளும் நம் மீது. பங்குப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்டவர்கள் உண்டு. 'என் மகள் என்ன வாசித்தாள்?' என்று கேட்டவரை நாம் கண்டதில்லை.

நாம் முன்வைப்பது இதுதான்: பத்தி ஆங்கிலத்தில் இருக்கட்டும், விடையை மாணவர் தமிழிலோ, தாம் பயிலும் மொழியிலோ எழுதட்டும். அப்போது வரியைப் பெயர்க்க வழியில்லை. பொருள் உணர்ந்தால்தான் ஒரு சொல்லேனும் எழுத இயலும். கரையேறத் தவிக்கும் பிள்ளைக்கும் இது தீங்கன்று. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழைக்கு அஞ்சி வாய்மூடியவள் தன் மொழியில் வாய் திறப்பாள். ஆங்கிலம் எழுதும் பழக்கம் கெடுமே என்பார்கள். கடிதமும் பத்தியும் இலக்கணமும் அதே தாளில் வேறு இடங்களில் கேட்கப்படுகின்றனவே! வாசிப்பைச் சோதிக்கும் இடத்தில் வாசிப்பைச் சோதியுங்கள் என்றே கேட்கிறோம். நம் பாட்டன்மார் திருப்பலியில் இலத்தீன் மறுமொழிகளைப் பிசகின்றிச் சொன்னார்கள்; பொருள் கேட்டால் விழிப்பார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தபோது, மரபு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் எழுதும் பொதுத்தேர்வை அரசு மாற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளின் மாதாந்தரத் தேர்வு வினாத்தாளைப் பள்ளியே அமைத்துக்கொள்ளலாம். மாம்பழக்கூழ் ஆலையைப் பற்றியோ கருங்கல் வெட்டுவதைப் பற்றியோ பிள்ளைகள் அறிந்த உலகிலிருந்து அரைப் பக்கம் ஆங்கிலம். படித்து முடித்ததும் தாளைத் திருப்பி வைக்கச் சொல்லி, 'இதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, உன் மொழியில் எழுது' என்று ஒரே ஒரு வினா. திருத்துவதற்குச் சற்று நேரம் அதிகமாகும். அந்த நேரத்தை ஆசிரியருக்கு ஒதுக்கித் தரும்படி தாளாளரிடம் பேச வேண்டியவர்கள் பெற்றோர் கழகத்தில் இருக்கும் நாம்தான். ஜூன் மாதத்து முதற்கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றிய பேச்சு முடிந்தபின் பத்து நிமிடம் கேட்டால் கிடைக்கும்.